ஏட்டில் எழுதும் பெயர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் முழங்குவது நம் சங்கத்தின் மரபு. இவ்வாண்டு செயலாளர் எம்மிடம் வந்து, "மருத்துவமனைப் பதிவேட்டுத் துறையில் பல்லாண்டு பணியாற்றியவர் தாங்கள், அதைப் பற்றிச் சிறிது பேசுங்கள்" என்று பணித்தார். சிலம்பையும் மேகலையையும் பேசிய நாவலர்கள் அமர்ந்திருக்கும் அவையில் பதிவேட்டைப் பற்றிப் பேச நிற்கிறோம், பொறுத்தருள வேண்டுகிறோம். ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளில் நோயாளர் குறிப்புகளை ஒரு பொது அளவைக்குக் கொண்டுவர அறிஞர்கள் கூடி உழைத்த வரலாறே யாம் எடுத்துக்கொண்ட பொருள். "ஆப்பிரிக்காவுக்கும் நம் காலனிக்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் வினவலாம். தொடர்பு உண்டு. அதை நம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் காலனியில் எல்லோரும் 'மாமா' என்று அழைத்த பெரியவர் ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். கடுங்காய்ச்சல், நினைவு தடுமாறியிருந்தது. அம்மருத்துவமனையில் அவர் முன்பும் சிகிச்சை பெற்றவர். அப்போது பென்சிலின் அவர் உடம்புக்கு ஒவ்வாது என்று கண்டு, சிவப்பு மையினால் அட்டையில் எழுதியும் வைத்திருந்தார்கள். ஆனால் அன்றிரவு எடுத்த அட்டையில் அக்குறிப்பு இல்லை. காரணம் என்ன? முதல் அட்டை அவர் பெயரில் இருந்தது. பின்னொரு முறை சென்றபோது, "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டார்கள். நம்மவர்க்குக் குடும்பப் பெயர் ஏது? முன்னெழுத்தை விரித்துச் சொன்னார். தந்தையின் பெயர் குடும்பப் பெயராயிற்று; அப்பெயரிலேயே புதிய அட்டையும் பிறந்தது. ஒரு மனிதர் ஏட்டில் இருவரானார். அவருள் ஒருவருக்குப் பென்சிலின் நஞ்சு. மற்றவருக்கு அது மருந்து!

செவிலி ஊசியோடு வந்தபோது மாமி பதறி எழுந்தார். அவருக்கு இவ்வூர் மொழி அதிகம் வாராது. கையை நீட்டித் தடுத்து, "பென்சிலின், பென்சிலின்" என்று மட்டுமே சொன்னார். அந்த ஒரு சொல் இரு மொழிக்கும் பொதுவாக இருந்தது. ஊசி நின்றது, உயிர் பிழைத்தது. இதனை எவர்மீதும் குற்றமாகச் சொல்ல வரவில்லை. அன்றிரவு பணியில் இருந்த இருவரும் பரிவோடும் விரைவோடும் உழைத்தவர்களே. குறை மனிதரிடத்தில் இல்லை, ஏட்டில் இருந்தது. எல்லார்க்கும் பொதுவான ஒரு சொல் உயிரைக் காக்கும் என்பதை அன்று கண்டோம். இன்று யாம் சொல்லப்போகும் செய்தி முழுவதும் அதனுள் அடங்கும்.

நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவர் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். ஒரே மருத்துவர் ஓர் ஊர் முழுவதையும் அறிந்திருந்த காலத்தில் இந்நான்கும் போதுமானவை. இக்காலத்திலோ காலையில் ஒரு மருத்துவர், மாலையில் மற்றொருவர். இவ்வூரில் ஒரு மருத்துவமனை, ஊர் மாறினால் வேறொன்று. ஆதலின் ஐந்தாவதாக ஓர் உறுப்பும் வேண்டியிருக்கிறது. அதுவே குறிப்பு.

குறிப்பு எழுதினால் மட்டும் போதுமா? போதாது. எழுதியதை மற்றவர் அதே பொருளில் படித்துணர வேண்டும். முன்னாளில் நம் நாட்டில் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு சேர் என்று வழங்கிய நிலையை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1956-ல் அளவைச் சட்டம் இயற்றி, 1957-ல் நயா பைசாவையும் 1958 முதல் கிலோகிராமையும் கொணர்ந்த பின்னரே, இந்நாட்டின் ஒரு மூலையில் நிறுத்த பொருளை மறு மூலையில் ஐயமின்றி வாங்க முடிந்தது. நோய்க் குறிப்புக்கும் இவ்வாறே ஒரு பொதுப் படி தேவை. 1860-ல் இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளிவிவர மாநாட்டில், மருத்துவமனைகள் யாவும் ஒரே வகைப் படிவத்தில் கணக்கு எழுத வேண்டும் என்று திட்டம் தந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1893-ல் பெர்த்தியோன் என்ற பிரெஞ்சுப் புள்ளியியலாளர் வகுத்த இறப்புக் காரணப் பட்டியல் உலக நாடுகளின் ஏற்பைப் பெறத் தொடங்கியது. 1948-ல் அப்பொறுப்பை உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. அதன் பதினொன்றாம் பதிப்பு 2022 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

இப்பட்டியலின் பயன் என்ன? ஒரே நோயை ஆங்கிலத்தில் மலேரியா என்பர். பிரெஞ்சு வழங்கும் ஆப்பிரிக்க நாடுகளில் பாலுடிஸ்ம் என்பர். சுவாகிலி பேசும் மக்கள் காய்ச்சலையும் மலேரியாவையும் சேர்த்து ஹோமா என்று சொல்லிவிடுவர். நம் பாட்டிமார் குளிர்சுரம் என்பர். பட்டியலின் பத்தாம் பதிப்பில் அதன் கொடிய வகைக்கு 'பி 50' என்று குறியீடு தந்தார்கள். சொல் எதுவாயினும் குறியீடு ஒன்று. அக்குறியீட்டைக் கொண்டே எந்த மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் எந்நோயால் இறந்தனர், எங்கே மருந்தனுப்ப வேண்டும் என்பதை அறிய முடியும்.

இனி ஆப்பிரிக்காவுக்குச் செல்வோம். ஆப்பிரிக்கா ஒரு நாடு அன்று. 54 நாடுகள் அடங்கிய பெருங்கண்டம். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வரலாறு. அவற்றுள் சிலவற்றையே இங்குக் காட்ட இயலும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்தபோது நோயாளரின் தோல் நிறத்துக்கு ஏற்பவும் வாழிடத்துக்கு ஏற்பவும் 14 தனித்தனிச் சுகாதாரத் துறைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன் விருப்பப்படி படிவம் அச்சிட்டுக் கொண்டது. 1994-ல் மக்களாட்சி மலர்ந்தபோது, நாட்டுக் குழந்தைகளுள் எத்தனை பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டது என்ற எளிய கேள்விக்கும் ஒன்றுபட்ட விடை கிடைப்பது அரிதாயிற்று. அந்நிலையில் கேப் டவுன் பகுதிப் பல்கலைக்கழக அறிஞர்களும், சுகாதாரப் பணியாளரும், நார்வே நாட்டு ஓஸ்லோ பல்கலைக்கழகத்தாரும் கைகோத்தனர். அவர்கள் கணினியை முதலில் தொடவில்லை என்பதே போற்றத்தக்கது. மாவட்டப் பணியாளரோடு அமர்ந்து, 'இந்தக் கட்டத்தை நிரப்புகிறீர்களே, இதனால் யாருக்கு என்ன பயன்?' என்று கேட்டுக் கேட்டுத் தேவையற்ற கட்டங்களை நீக்கினர். எஞ்சிய சிலவற்றையே எல்லா நிலையங்களுக்கும் பொதுவாக்கினர். அதன் பின்னரே அவற்றை எண்ணித் தொகுக்கும் மென்பொருளை எழுதினர். டி.எச்.ஐ.எஸ். என்பது அதன் பெயர்.

அம்மென்பொருளின் இரண்டாம் பிறப்பு நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்தது. இணையவழி இயங்குமாறு புதிதாக எழுதப்பட்ட டி.எச்.ஐ.எஸ். 2 முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது 2006-ல், நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில். அங்குப் பெற்ற பாடங்களோடு அது மீண்டும் ஆப்பிரிக்கா சென்றது. 2011-ல் கென்யா நாடு முழுவதும் பரவியது. ஆப்பிரிக்காவில் பிறந்து, ஐரோப்பிய ஒத்துழைப்பில் வளர்ந்து, இந்திய மண்ணில் நடை பயின்று, தாயகம் திரும்பிய மென்பொருள் அது. கொடுப்பவர் ஒரு பக்கம், பெறுபவர் மறுபக்கம் என்று நிற்பது கூட்டாண்மை ஆகாது. கல்வி இவ்வாறு சுற்றி வருதலே கூட்டாண்மை.

அடுத்து, கென்யாவின் மேற்குப் பகுதியிலுள்ள எல்டோரெட் நகரைக் காண்போம். அந்நகரின் மோய் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகமும் 1989 முதல் உறவு பூண்டவை. எயிட்ஸ் நோய் ஊர் ஊராகப் பரவியபோது, 2001-ல் இவ்விரு நிறுவனங்களும் ஆம்பாத் என்னும் மருத்துவத் திட்டத்தைத் தொடங்கின. எயிட்ஸ் சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. நோயாளி வாராது விட்ட நாள் எது, எந்த மருந்து மாற்றப்பட்டது, எடை ஏறியதா இறங்கியதா என்பன ஏட்டில் இல்லையேல் மருத்துவர் இருட்டில் நடப்பவரே. நோயாளர் தொகை ஆயிரக்கணக்கில் பெருகவே காகிதக் கட்டுகள் பயன்படவில்லை. 2004-ல், இந்தியானாவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனமும், பல நாடுகளில் ஏழையர்க்கு மருத்துவம் செய்த பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் கூடி, ஓப்பன் எம்.ஆர்.எஸ். என்ற பதிவேட்டு மென்பொருளைத் தொடங்கின. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் அவர்களோடு இணைந்தது. 2006-ல் எல்டோரெட்டிலும் ருவாண்டாவிலும் அது பணி தொடங்கிற்று. யார் வேண்டுமாயினும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று உலகுக்கு வழங்கினர்.

அதன் நெஞ்சாக அமைந்தது ஒரு சொற்களஞ்சியம். 'எடை', 'காய்ச்சல்', 'ஒவ்வாமை' என்று மருத்துவர் எழுதக்கூடிய ஒவ்வொரு கருத்துக்கும் அதில் ஓர் எண் உண்டு. அந்த எண்ணின்கீழ் ஆங்கிலப் பெயர், பிரெஞ்சுப் பெயர், போர்த்துக்கீசியப் பெயர் என எத்தனை மொழியிலும் பெயரிடலாம். புதிய கேள்வி வேண்டுமாயின் மென்பொருளை இடித்துக் கட்ட வேண்டுவதில்லை; களஞ்சியத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். நிகண்டு செய்த நம் முன்னோர் இதனைக் கண்டால் மகிழ்ந்திருப்பர். ஒரு பொருட்குப் பல பெயரைத் தொகுத்த அதே கலை இங்கு உயிர் காக்கும் தொழிலில் அமர்ந்திருக்கிறது.

களஞ்சியம் இருந்தும், அதில் இடுவதற்குரிய செய்தியைப் படுக்கையருகே எழுதுபவர் எழுதாவிடில் என் செய்வது? கென்யாவின் மாவட்ட நிலை மருத்துவமனைகளில் குழந்தைப் பிரிவில் இதுவே பெருங்குறையாயிருந்தது. குழந்தைக்கு மருந்தளவு எடையைப் பொறுத்தது. கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பது கணக்கு. எடைக் கட்டம் வெறுமையாயிருப்பின் மருந்தளவு வெறும் ஊகமே. மற்றொரு சிக்கலும் உண்டு. 'வலிப்பு' என்ற இடத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை எனில், வலிப்பு இல்லை என்று பொருளா, கேட்கவே இல்லை என்று பொருளா? வெற்றிடம் வாய் திறந்து பேசாது.

இதனைத் தீர்க்க 2013-ல் கென்யாவின் சுகாதார அமைச்சகம், அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம், கெம்ரி-வெல்கம் ஆராய்ச்சி நிலையம், பல மருத்துவமனைகள் ஆகியவை கூடி ஒரு வலையமைப்பை நிறுவின. எல்லா மருத்துவமனைகளுக்கும் குழந்தையை அனுமதிக்கும்போது நிரப்ப ஒரே படிவம். அதில் 'ஆம்', 'இல்லை' என்று குறிக்கத் தனித்தனிக் கட்டம். ஆகவே மௌனத்துக்கு இடமில்லை. குழந்தை வீடு திரும்பிய பின் பயிற்சி பெற்ற எழுத்தர் அக்குறிப்பைக் கணினியில் ஏற்றுவார். அதன்மேல் ஒரு படி சென்றார்கள். குறிப்பிட்ட காலங்களில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும், 'உங்கள் படிவங்களில் எடை எத்தனை விழுக்காடு நிரம்பியது, மருந்தளவு எத்தனை சரியாயிருந்தது' என்று அறிக்கை திருப்பி அனுப்பினார்கள். மருத்துவர்களைக் கூட்டி அதனைப் பற்றிப் பேசவும் செய்தார்கள். தாம் எழுதியது தமக்கே திரும்பி வந்து உதவுகிறது என்று கண்டால், எழுதுபவர் கை சோர்வதில்லை. மேலிடத்துக்கு மட்டும் போகும் கணக்கை எவர்தாம் மனம் ஒன்றி எழுதுவார்? அலுவலகங்களில் பணியாற்றும் உங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

மலாவி நாட்டில் மருத்துவர் மிகச் சிலர். தட்டச்சுப் பழகாத பணியாளரே பெரும்பாலோர். அங்கு பாவோபாப் என்னும் உள்நாட்டு அமைப்பு விரலால் தொட்டாலே இயங்கும் திரையை அமைத்தது. மின்சாரம் அடிக்கடி நிற்கும் நாடு. ஆதலின் மின்கலத்தால் இயங்கும் சிறு கருவிகளையே தேர்ந்தது. நோயாளியின் கையிலுள்ள ஏட்டில் கோடுகள் அச்சிட்ட ஒரு சீட்டை ஒட்டினர். மறுமுறை வரும்போது அக்கோடுகளைப் படித்தாலே அவருக்குரிய குறிப்பு வந்துவிடும். நம் மாமாவின் ஏட்டில் இத்தகைய சீட்டு இருந்திருப்பின் ஒருவர் இருவராகியிருக்க மாட்டார்.

அன்பர்களே! தரப்படுத்தல் என்பது வெளியூர்ப் படிவத்தைக் கொண்டுவந்து ஒட்டுவதன்று. இரண்டொரு சான்று கூறுவோம். சுவாகிலி வழங்கும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும், எத்தியோப்பியாவிலும் நாளின் மணியை விடியலிலிருந்து எண்ணுவர். நாம் ஏழு மணி என்பது அவர்கட்கு ஒரு மணி. 'குழந்தை இரண்டு மணிக்குப் பிறந்தது' என்று தாய் சொன்னால் அது காலை எட்டாகவும் இருக்கலாம். இது நமக்கு விந்தையன்று. சூரிய உதயம் முதல் நாழிகை எண்ணி ஜாதகம் எழுதிய மரபினர் நாம். எத்தியோப்பிய ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்; பன்னிரண்டுக்கு முப்பது நாள், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாள். அவர்களது ஆண்டெண் உலக வழக்கைவிட ஏழெட்டுக் குறைவு. இதை அறியாத மென்பொருளில் ஒரு பிறந்த நாளை இட்டால், கைக்குழந்தை பள்ளிச் சிறுவனாகிவிடும், மருந்தளவும் மாறும்.

பெயரைப் பாருங்கள். எத்தியோப்பியர்க்கும் குடும்பப் பெயர் இல்லை. தன் பெயர், அதன்பின் தந்தை பெயர், அவ்வளவே. 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று அடம் பிடிக்கும் படிவத்தின் முன் எத்தியோப்பியரும் தமிழரும் ஒரே வகையில் விழிக்கிறோம். ஆகவே அந்தந்த மண்ணின் வழக்கை அறிந்தவர் முதல் நாளிலிருந்தே உடனிருந்தால் அன்றி, எந்தப் பொது அளவையும் நேர்மையான அளவையாகாது.

இனிக் கசப்பான செய்தி ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை எபோலா நோய் பேயாட்டம் ஆடியது. 28,000-க்கு மேற்பட்டோரைத் தாக்கி, 11,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டது. நோயாளர் இருந்த வேலிக்குள் சென்ற காகிதம் வெளியே வரக்கூடாது. அதிலும் தொற்று இருக்கும். ஆகவே உள்ளிருப்பவர் வேலியருகே நின்று உரக்கப் படிக்க, வெளியே இருப்பவர் கேட்டு எழுதிய இடங்களும் உண்டு. இந்நிலையில் குறிப்பு எங்ஙனம் திருந்தியிருக்கும்? சியரா லியோனில் ஒரு சிகிச்சை நிலையத்துக்கென ஓப்பன் எம்.ஆர்.எஸ்.ஸையே மாற்றியமைத்துத் தொட்டு எழுதும் பலகைகளில் தந்தனர். ஆயின், அந்நாட்களில் நோயாளரின் இரத்த மாதிரிகள் பல கடல் கடந்து வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றன. 'அவை யாருடையவை? அவற்றால் வரும் அறிவு யாருக்கு?' என்ற கேள்வி பின்னர் எழுந்தது, நியாயமாகவே எழுந்தது.

வானூர்தியில் வந்திறங்கி, குறிப்பை அள்ளிக்கொண்டு, தம் நாட்டில் கட்டுரை எழுதிப் புகழ் பெறுவது ஆராய்ச்சியாகலாம், கூட்டாண்மையாகாது. அத்தகைய போக்குக்கு எதிராக ஆப்பிரிக்க நாடுகள் இன்று சட்டம் இயற்றி வருகின்றன. கென்யா 2019-ல் தனிமனிதர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கண்டது. ஆப்பிரிக்க ஒன்றியம் 2014-ல் மலாபோவில் ஏற்ற உடன்படிக்கை 2023-ல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பு நோயாளிக்கு உரியது. அதனைக் காப்பவரே மருத்துவமனையார் என்னும் எண்ணம் வேரூன்றி வருகிறது.

பிறர் பணத்தையே நம்பிக் கட்டிய வீட்டின் நிலையும் அண்மையில் தெரிந்தது. 1984 முதல் ஆப்பிரிக்க, ஆசிய நாடுகளில் வீடு வீடாகச் சென்று தாய் சேய் நலக் கணக்கெடுத்த பேராய்வுத் திட்டம் அமெரிக்க அரசின் நிதியால் நடந்தது. 2025 பிப்ரவரியில் அந்நிதி நிறுத்தப்பட்டது. பல நாடுகளில் பாதியிலேயே பணி நின்றது. ஆதலின் கூட்டுறவு தொடங்கும் நாளிலேயே, 'நாளை நாங்கள் இல்லாதபோது இதனை நடத்துபவர் யார்?' என்று கேட்பதே நல்ல நண்பர்க்கு அழகு. உள்ளூரில் மென்பொருள் எழுதுவோரையும், புள்ளியியல் கற்றோரையும், பதிவேட்டு எழுத்தரையும் உருவாக்கிச் செல்லும் கூட்டாண்மையே நிலைக்கும்.

இத்தனையும் கேட்ட பின், நம் காலனிக்குத் திரும்புவோம். நாம் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள். பணி மாற்றத்தால் ஊர் ஊராகச் செல்பவர்கள். நம் குறிப்புகளோ சென்னையில் பாதி, இங்குப் பாதி, இடையில் எங்கெங்கோ சிதறிக் கிடக்கின்றன. 2021-ல் நம் அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் எண்ணிமத் திட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் 14 இலக்க நலவாழ்வு எண் கிடைக்கிறது. அந்த எண் நல்லது. எனினும் அதன்கீழ் எழுதப்படும் செய்தி செம்மையாயிருந்தால்தான் பயன் உண்டு.

ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்று வேண்டுகோள். முதலாவது, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எல்லா ஆவணங்களிலும் ஒரே வகையில், ஒரே எழுத்தில் எழுதிக் கொள்ளுங்கள். முன்னெழுத்தை விரிப்பதாயின் எங்கும் விரியுங்கள். இல்லையேல் எங்கும் விடுங்கள். இரண்டாவது, ஒரு சிறு குறிப்பேட்டில் பிறந்த நாள், இரத்த வகை, உடம்புக்கு ஒவ்வாத மருந்து, நாள்தோறும் உண்ணும் மருந்து ஆகியவற்றை எழுதி, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். மருந்தின் பெயரைத் தமிழிலும் இவ்வூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். மூன்றாவது வேண்டுகோள் இளைஞர்க்கு. தனியே வாழும் முதியோர் வீடுகளுக்கு விடுமுறை நாளில் செல்லுங்கள். அவர்களுடைய பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து, அக்குறிப்பேட்டை எழுதிக் கொடுங்கள். ஆனால் அவர்கள் இசைவின்றி எதையும் பிறர்க்குக் காட்டாதீர்கள். எல்டோரெட்டில் பேரறிஞர் செய்ததன் சிறு வடிவம் அதுவே.

அன்றிரவு மாமி உரைத்த ஒரு சொல்லை மீண்டும் நினைவூட்டி அமைகிறோம். அவர் அங்கு இல்லாதிருந்தால் என்னாகியிருக்கும்? ஒவ்வொரு படுக்கையருகிலும் ஒரு மாமி நிற்க இயலாது. அவர் இல்லாத இடத்தில் அவருக்காக ஏடு பேச வேண்டும். அது தெளிவாகவும் உண்மையாகவும் எல்லோருக்கும் விளங்கும்படியும் பேச வேண்டும். கென்யாவிலும் மலாவியிலும் எத்தியோப்பியாவிலும் அதற்காகவே உழைக்கிறார்கள். நம் வீடுகளில் நாமும் தொடங்குவோம்.